டான் ஜொவான்னியின் விருந்தில் கேட்கும் அந்த இரண்டாவது மெட்டு

இசையமைப்பாளர் மொசார்ட்டின் 'டான் ஜொவான்னி' என்ற ஒபேராவில், அதாவது பாட்டாகவே நடக்கும் இசை நாடகத்தில், நாயகன் கடைசியாக விருந்து சாப்பிடும்போது மேடையிலேயே ஒரு சின்ன இசைக்குழு மூன்று மெட்டுகளை வாசிக்கும், அதில் நடுவில் வருவது யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜுசெப்பே சார்த்தி என்ற இத்தாலிய இசையமைப்பாளருடையது. 1782இல் மிலானின் லா ஸ்காலா அரங்கில் முதலில் மேடையேறிய அவருடைய நகைச்சுவை ஒபேராவிலிருந்து வருகிறது. தலைப்பு 'ஃப்ரா இ தூவே லிதிகாந்தி இல் தெர்த்சோ கோதே'. பயந்துவிடாதீர்கள், இரண்டு பேர் சண்டை போட்டால் மூன்றாமவனுக்குக் கொண்டாட்டம் என்பதுதான் அர்த்தம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நாம் சொல்வதில்லையா, கிட்டத்தட்ட அதேதான்.

கதை கார்லோ கோல்தோனி எழுதிய பழைய ஒபேரா நாடகத்திலிருந்து எடுத்தது. பிரபு வீட்டு வேலைக்காரி தொரினாவை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. தன் வேலைக்காரன் தித்தாவுக்கு என்கிறார் பிரபு, இல்லை, தோட்டக்காரன் மிங்கோனேவுக்கு என்கிறாள் அவர் மனைவி. அந்த இரண்டு பேரும் மாப்பிள்ளைப் போட்டியில் இருக்கிறார்களே தவிர உண்மையான மல்லுக்கட்டு புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில்தான், யார் பேச்சு வீட்டில் எடுபடும் என்று. எனக்குப் பிடித்த இடமே அதுதான். இவர்கள் முட்டிக்கொண்டிருக்கும்போது காரியஸ்தர் மசோத்தோ சத்தமில்லாமல் தொரினாவைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார்.

1783இல் இது வியன்னாவுக்கு வந்து சக்கைப்போடு போட்டது. அங்கே தொரினாவாகப் பாடியவர் நான்சி ஸ்டோரேஸ், தித்தாவாகப் பாடியவர் பிரான்செஸ்கோ பெனூச்சி. இதில் சேராத இந்த ஜோடிதான் 1786இல் மொசார்ட்டின் 'ஃபிகாரோவின் கல்யாணம்' ஒபேராவில் சுசன்னாவும் ஃபிகாரோவுமாகி மேடையில் கல்யாணம் செய்துகொண்டது! சார்த்தி வியன்னா வந்திருந்தபோது அவருடைய பாட்டு ஒன்றை எடுத்து விதவிதமாக மாற்றி வாசித்துக் காட்டியதாகவும், அவருக்கு அதில் ரொம்ப சந்தோஷம் என்றும் மொசார்ட் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

சரி, விருந்துக் காட்சிக்கு வருவோம். நீங்கள் கேட்ட மெட்டு மிங்கோனே பாடும் 'கோமே உன் அன்யெல்லோ', ஓர் ஆட்டுக்குட்டியைப் போல என்று அர்த்தம். அது தொடங்கியதும் டான் ஜொவான்னியின் வேலைக்காரன் லெப்போரெல்லோ, சார்த்தி ஒபேராவின் தலைப்பில் உள்ள சொல்லையே எடுத்து, "லிதிகாந்தி வாழ்க!" என்று கத்துவான். அன்றைய ரசிகர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டிருக்காது. இன்று அரங்கில் யாரும் சிரிப்பதில்லை, மூன்றாவது மெட்டுக்குத்தான் சிரிப்பு. அது மொசார்ட் தன் 'ஃபிகாரோ'விலிருந்தே எடுத்தது, "இது எனக்கு நன்றாகவே தெரியும்" என்று அலுத்துக்கொள்வான் லெப்போரெல்லோ. 1787இல் பிராகாவில் அந்த வேடத்தில் முதலில் பாடிய ஃபெலிச்சே பொன்சியானி, அதே ஊரில் ஃபிகாரோவாகவும் பாடியவர்.