முதியோர் இதயச் செயலிழப்பு: திரும்பத் திரும்ப அட்மிஷன் ஏன்?

அப்பாவுக்கு வயது 76. ஆறு மாதத்தில் மூன்று முறை அட்மிட் செய்துவிட்டோம். எங்கள் கவனிப்பில்தான் குறையா?

அப்படி நினைத்து மனம் நோகாதீர்கள். 65 வயதைக் கடந்தவர்கள் மருத்துவமனையில் சேர்வதற்கான முக்கியக் காரணங்களில் இதயச் செயலிழப்பும் (இதயம் நின்றுபோவதல்ல, தன் வேலையைச் சரிவரச் செய்ய முடியாமல் திணறுவது) ஒன்று. அமெரிக்காவில் மெடிகேர் காப்பீட்டில் உள்ள முதியோரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, இந்நோய்க்காகச் சேர்ந்து வீடு திரும்பியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் 30 நாளுக்குள் மறுபடியும் சேர்ந்திருந்தார். அந்த மறு அட்மிஷன்களில் பாதிக்கு மேல் இதயச் செயலிழப்புக்காக அல்ல. நுரையீரல் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு போன்ற வேறு காரணங்களுக்காக. அதனால் ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகளையும் இதய சிகிச்சையின் பகுதியாகவே பாருங்கள்.

அம்மாவுக்கு நள்ளிரவில் திடீரென மூச்சுத் திணறியது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பலருக்கு உண்டு. மூச்சுத் திணறல்தான் திடீரென வரும். உடம்பில் நீர் சேர்வது பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். அதைக் காட்டிக்கொடுப்பது எடை மெஷின். காலையில் எழுந்து சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன், ஒரே மாதிரியான உடையில், அதே மெஷினில் எடை பாருங்கள். மெஷின் கெட்டியான தரையில் இருக்கட்டும். மிதியடி விரிப்பின் மேல் வைத்தால் அளவு மாறும். எடையைத் தேதியுடன் எழுதி வையுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேலோ ஏறினால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நீர்மாத்திரையை (உடம்பில் சேர்ந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) எப்போது, எவ்வளவு கூட்டலாம் என்று முன்பே எழுதி வாங்கி வைப்பது நல்லது.

எடையை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பசியில்லாமல் உடம்பு இளைக்கும் முதியவருக்கு, சேர்ந்த நீரின் எடை அந்த இளைப்பில் மறைந்துபோகும். கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்திப் பாருங்கள்; குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் நீர் இருக்கிறது. (ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கும் என்பதை நினைவில் வையுங்கள்.) ஒரு தலையணை போதாமல் இரண்டு கேட்பது, படுத்தால் இருமல், காரணமில்லாத சோர்வு, குழப்பமான பேச்சு இவையும் எச்சரிக்கைகள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

எக்கோவில் (இதய ஸ்கேன்) 'பம்பிங் 60 சதவீதம், நார்மல்' என்கிறார்கள். பிறகும் இதயச் செயலிழப்பு என்றால் எப்படி?

இதயச் செயலிழப்புள்ள முதியோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வகைதான். இதயம் சுருங்குவதில் கோளாறில்லை. தசை விறைத்து, விரிந்து ரத்தத்தை வாங்கத் திணறுகிறது. அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலில் நீர் கோக்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, சீரற்ற துடிப்பு மூன்றையும் கட்டுக்குள் வைக்கவேண்டும். சர்க்கரை நோய்க்கும் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மருந்துகள் இவர்களிலும் அட்மிஷனைக் குறைக்கின்றன.

மூட்டுவலிக்கு மாத்திரை தரலாமா?

ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம். உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, நீர்மாத்திரையின் வேலையைக் கெடுத்து, சிறுநீரகத்தையும் பாதிக்கும். டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் தரலாம்; தண்ணீரில் கரைந்து நுரைக்கும் வகையில் சோடியம் அதிகம், அது வேண்டாம். 'சோடியம் குறைந்த உப்பு' வாங்குமுன்னும் கேளுங்கள்: அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் நீர்மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே குலையலாம்.

டிஸ்சார்ஜ் ஆனபின் ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். போதுமா?

போதாது. 7 முதல் 14 நாளுக்குள் ஒருமுறை பார்த்தாக வேண்டும், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு), பொட்டாசியம் பரிசோதனையுடன். 2022இல் வெளிவந்த ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வில், டிஸ்சார்ஜ் ஆன இரண்டு வாரத்துக்குள் இதயச் செயலிழப்பு மருந்துகளைப் பரிந்துரைக்கப்பட்ட முழு அளவுக்கு உயர்த்தி, அடிக்கடி வரவழைத்துப் பரிசோதித்தார்கள். 180 நாளில் இறப்போ இதயச் செயலிழப்புக்கான மறு அட்மிஷனோ நேர்ந்தது 15.2 சதவீதத்தினருக்கு, வழக்கமான சிகிச்சையில் 23.3 சதவீதம். போகும்போது எடை எழுதிய நோட்டையும், மற்ற டாக்டர்கள் தந்தவை உட்பட வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.