ஐக்யூ சராசரி, வாசிப்பு மட்டும் ஏன் திணறுகிறது?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாள். கரும்பலகையில் உள்ளதை எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். குழந்தைகளின் அறிவுத்திறனை அளக்கும் வெக்ஸ்லர் சோதனையின் ஐந்தாம் பதிப்பில் ஐக்யூ 98. மொழிப் புரிதல் 111, காட்சி-இடத் திறன் 105, தர்க்கம் 106, செயல் நினைவு (கேட்டதை மனதில் வைத்துக் கையாளும் திறன்) 79, செயல் வேகம் 75. ‘புத்தி சரியாக இருக்கிறது, சோம்பல்தான்’ என்கிறார் ஆசிரியர். அப்படியா?

பதில்: சோம்பல் என்று சொல்ல இந்த அறிக்கையில் ஆதாரம் எதுவும் இல்லை. மொத்த ஐக்யூ ஏழு உட்சோதனைகளிலிருந்து வருகிறது. அவற்றில் ஐந்து மொழி, காட்சி, தர்க்கம் சார்ந்தவை. நினைவுக்கும் வேகத்துக்கும் தலா ஒன்றுதான். ஐந்தின் நல்ல மதிப்பெண் மற்ற இரண்டின் சரிவை மூடிவிட்டது. 111-க்கும் 75-க்கும் இடைவெளி 36. பதினைந்து புள்ளி ஒரு திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரவுகின்றன என்பதன் அளவு) என்பதால் இது சின்ன வித்தியாசமில்லை. நினைவையும் வேகத்தையும் விட்டுக் கணக்கிடும் ‘பொதுத் திறன் குறியீடு’ அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

முக்கியமான விஷயம் வேறு. அந்த ஏழில் குழந்தை தானே வாசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியே கிடையாது. வாசிப்புச் சிக்கலை அதில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? தரப்படுத்தப்பட்ட வாசிப்பு, எழுத்துப்பிழை, கணக்குச் சோதனைகள் தனியாக வேண்டும். குறிப்பாகப் பொருளில்லாத சொற்களை வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘பமுடி’ போன்ற சொல்லை நினைவிலிருந்து ஒப்பிக்க முடியாது. எழுத்தை ஒலியாக மாற்றத் தெரிந்தால்தான் வாய் திறக்கும்.

செயல் வேகத்தின் 75-ஐயும் அப்படியே விழுங்க வேண்டாம். வேகத்தை அளக்கும் குறியீட்டுச் சோதனையில் 120 விநாடிக்குள் எண்ணுக்கு உரிய குறியை எழுத வேண்டும். சில குழந்தைகள் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள மாதிரியைப் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள்; சிலருக்குப் பென்சில் பிடியே சிரமம்; சிலர் அழகாக எழுத நேரத்தைக் கொட்டுவார்கள். மூவருக்கும் ஒரே மதிப்பெண் வரலாம், தீர்வு மூன்று. அதனால் சோதித்தவர் எழுதிய நடத்தைக் குறிப்பைக் கேளுங்கள். அதுவரை வகுப்பில் கட்டளை ஒவ்வொன்றாக வரட்டும், கரும்பலகைப் பாடம் அச்சிட்ட தாளாகக் கிடைக்கட்டும், தேர்வில் கூடுதல் நேரம் கேளுங்கள்.

கேள்வி: இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே டிஸ்லெக்சியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்று முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. கணக்கு, குறியீடு, பொது அறிவு, எண் வரிசை ஆகிய நான்கு உட்சோதனைகளிலும் குறைந்தால் கற்றல் குறைபாடு என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். குறைபாடுள்ள பெரும்பாலான குழந்தைகளிடம் அந்த வடிவமே காணப்படவில்லை. ஐக்யூவுக்கும் படிப்புக்கும் இடைவெளி வேண்டும் என்ற நிபந்தனையையும் 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 (மனநலக் குறைபாடுகளைக் கண்டறியும் அமெரிக்கக் கையேடு) கைவிட்டது.

கேள்வி: அடுத்த மாதமே இன்னொரு இடத்தில் சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். பழகிய கை மதிப்பெண்ணை ஏற்றிக் காட்டும், குறிப்பாகக் கட்டை அடுக்குவது போன்றவற்றில். குறைந்தது ஓராண்டு விடுவது நல்லது. காய்ச்சலோடு எழுதியிருந்தால் அதை முன்பு சோதித்தவரிடமே சொல்லுங்கள். வேறு சோதனையைத் தேர்ந்தெடுக்க அவருக்கு வழியுண்டு.