தட்டைப் பலகையும் திரும்பும் அலைக்கற்றையும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

செவ்வாய்க்குச் சென்ற மார்கோ சிறுகலங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அவற்றின் தட்டையான ஆன்டெனா, தான் அசையாமலேயே அலைக்கற்றையை (ஒரே திசையில் குவிந்து செல்லும் ரேடியோ அலைகளை) வேண்டிய பக்கம் திருப்பியது என்று புரிந்துகொண்டேன். அது முடியுமென்றால், மோட்டார் வைத்துச் சுழற்றும் குழிவான டிஷ்கள் இன்னும் எதற்கு?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

மார்கோவின் ஆன்டெனா அலைக்கற்றையைத் திருப்பவில்லை. 2018 நவம்பர் 26 அன்று இன்சைட் கலம் செவ்வாயில் இறங்கியபோது அதன் சமிக்ஞைகளை ஏறக்குறைய 14.6 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்த பூமிக்கு அனுப்பிய அந்தப் பலகை, மூன்று மடிப்பாக விரிந்து சுமார் 60 செ.மீ. நீளமும் 33 செ.மீ. அகலமும் கொண்டது, அதன் கற்றை எந்தக் கோணத்தில் செல்ல வேண்டும் என்பது, அச்சிட்ட செப்புத் துண்டுகளின் அளவிலேயே பூமியில் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பூமியைக் குறிவைக்கக் கலத்தின் உடலே திரும்பியது.

ஆனால் அந்தச் செப்புத் துண்டுகளில்தான் உங்கள் கேள்விக்கான விடையும் இருக்கிறது. பலகைக்கு முன்னால் நின்று அதன்மேல் அலையை வீசும் சிறு ஊட்டு ஆன்டெனாவிலிருந்து வரும் அலை, நடுவை முதலிலும் ஓரங்களைச் சற்றுப் பிந்தியும் அடைகிறது. துண்டின் அளவு சிறிது மாறினாலே அதிலிருந்து மீளும் அலையின் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது; ஒரு முழுச் சுற்று 360 டிகிரி) மாறும் என்பதால், இந்த வேறுபாட்டை ஒவ்வொரு துண்டிலும் ஈடுகட்டலாம். அதற்கு மேல் வரிசை வரிசையாகக் கட்டத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கற்றை சாயும். மார்கோ பயன்படுத்திய 8.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 3.6 செ.மீ.; துண்டுகள் அதில் பாதி தூரத்தில் அமைந்திருப்பதாகக் கொண்டால், ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் 90 டிகிரி கட்ட வேறுபாடு கொடுத்தால் போதும், கற்றை 30 டிகிரி சாய்ந்துவிடும்.

இந்தக் கட்டத்தை ஓடும்போதே மாற்ற, ஒவ்வொரு துண்டிலும் மின்னோட்டத்தை விடவும் தடுக்கவும் வல்ல சிறு மின்னணுக் கருவியான ஒரு டையோடைப் பற்றவைக்கிறார்கள். டையோடு கடத்தும்போது ஒரு கட்டம், கடத்தாதபோது அதிலிருந்து 180 டிகிரி தள்ளிய கட்டம்: இந்த இரண்டே நிலைகளைக் கொண்டு கற்றையை மைக்ரோவினாடிகளில் இடம் மாற்றலாம், எந்த மோட்டாராலும் இயலாத வேகம் அது. கட்டத்தை மாற்றித் திசை திருப்பும் வழி நமக்குப் புதிதன்று. 1970 முதல் இயங்கும் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி வடக்கு-தெற்காகப் பார்வையை இப்படித்தான் நகர்த்துகிறது, ஆனால் அங்கே கட்டம் மாறுவது பிரதிபலிப்பானில் அல்ல, அதன் குவியக்கோட்டில் உள்ள 1056 இருமுனை ஆன்டெனாக்களில்.

விலை இரண்டு வகையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. தேவைப்படும் கட்டம் எதுவானாலும் 0 அல்லது 180 என்று வட்டப்படுத்துவதால் ஏறத்தாழ 4 டெசிபெல், அதாவது திறனில் பாதிக்கும் மேல், வேறு திசைகளில் சிதறிப்போகிறது. நான்கு நிலைகள் வைத்தால் இழப்பு 1 டெசிபெலுக்குக் கீழே வந்துவிடும், ஆனால் டையோடுகளும் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் இரட்டிக்கின்றன.

இரண்டாவதைத்தான் நான் பெரிதாகக் கருதுகிறேன். குழிவான டிஷ், ஊட்டு ஆன்டெனாவிலிருந்து புறப்படும் எல்லாப் பாதைகளின் நீளத்தையும் உண்மையாகவே சமப்படுத்துகிறது. ஆகவே அதிர்வெண் எதுவானாலும் அலைகள் ஒன்றுகூடும். பலகையோ முழுச் சுற்றுகளை விட்டுவிட்டு மிச்சக் கட்டத்தை மட்டும் திருத்துகிறது, அந்த மிச்சம் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் வேறாக இருப்பதால் வடிவமைத்த அதிர்வெண்ணிலிருந்து விலக விலகக் கற்றை கலைகிறது. 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோளின் நீர்மட்ட ரேடாருக்கு 35.75 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி 200 மெகாஹெர்ட்ஸ் போதும் என்பதால் பத்து மீட்டர் நீளத் தண்டின் இரு முனைகளிலும் இத்தகைய பலகைகளை வைத்தார்கள். புணே அருகே 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது டிஷ்கள் வானத்தைப் பல அதிர்வெண்களில் கேட்கின்றன. அந்த வேலைக்குப் பலகை இன்னும் பொருத்தமானதல்ல.