நெய் செய்த வேலையை யார் செய்வது?

வாசகர் கேள்விகளுக்கு நம் சமையல் பகுதி ஆசிரியை பதில் சொல்கிறார்

கேள்வி: என் மனைவி வீகன் உணவுக்கு மாறிவிட்டார். ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. பால், தயிர், நெய், வெண்ணெய், தேன் எதுவும் சேர்ப்பதில்லை. காயை வேகவைத்து, பருப்பைத் தாளித்துக் கொடுத்தால் சாப்பிட்டுவிடுகிறார். ஆனால் "வயிறு நிறைஞ்சுது, மனசு நிறையல" என்கிறார். களைத்து வீடு திரும்புகிற நாங்கள் இரண்டு பேரும் ஆசையாக உட்கார்ந்து சாப்பிட ஒரு வழி சொல்லுங்கள் அம்மா.

பதில்: உங்கள் மனைவி சொல்வது நியாயமான குறை. இதைக் கேட்டதும் பலர் கடைக்குப் போய் வீகன் சீஸ், வீகன் வெண்ணெய் என்று தேடுவார்கள். அதெல்லாம் அப்புறம். இத்தனை நாள் உங்கள் சமையலில் நெய் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று முதலில் யோசியுங்கள். சீரகம், மிளகு, பூண்டு இவற்றின் மணத்தில் பெரும்பகுதி கொழுப்பில்தான் கரையும். அந்த மணத்தை வாய் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது நெய். வழவழப்பைக் கொடுத்ததும் அதுதான், வறுபட்ட வாசனையைக் கொடுத்ததும் அதுதான். முதல் வேலையை நல்ல எண்ணெய் செய்யும். இரண்டாவதைத் தேங்காய்ப்பாலோ முந்திரி விழுதோ செய்யும். மூன்றாவதை எந்தப் பொட்டலமும் செய்யாது, அடுப்பின் முன்னால் நின்று நீங்கள்தான் செய்ய வேண்டும்.

மைசூர் பருப்பும் காளானும் சேர்த்துக் கெட்டியாக ஒரு குழம்பு, கூடவே சூடாகச் சோறு. எங்கள் வீட்டிலும் இரண்டு பேர்தான், மழை நாளில் எனக்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம். அரை கப் பருப்பைக் கழுவி, இரண்டு கப் தண்ணீரில் மிதமான தீயில் வையுங்கள். தோல் நீக்கிய பருப்பு என்பதால் ஊறவைக்க வேண்டாம், பதினைந்து இருபது நிமிடத்தில் குழைந்துவிடும். தக்காளியை இப்போதே இதில் போடாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக நேரமாகும்.

பருப்பு வேகிறபோது வெங்காயத்தைக் கவனியுங்கள். நடுத்தர வெங்காயம் இரண்டு, மெல்லிய நீளத் துண்டுகளாக. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, சிறு தீ. முதலில் வியர்த்தாற்போல் தண்ணீர் விடும், பிறகு கண்ணாடி மாதிரி ஆகும். பெரும்பாலானவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். இருபது நிமிடம் தாண்டியதும் ஓரங்கள் சிவக்கும், அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டும். ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து அதைச் சுரண்டி வெங்காயத்தோடு கலந்துவிடுங்கள். இப்படி இரண்டு தடவை செய்தால் வெங்காயம் சுருண்டு, கருஞ்சிவப்பாக, தித்திப்பும் லேசான கசப்புமாக வரும். உங்கள் மனைவி தேடுகிற அந்த மனநிறைவில் பாதி இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

காளான் இருநூறு கிராம். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் வேறு ஒரு அகலமான சட்டியில், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, நல்ல தீயில் வையுங்கள். நீர் விட்டு, அந்த நீர் சுண்டி, சட்டியில் சடசடவென்று சத்தம் மாறும். அப்போது எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவந்த பிறகு உப்புப் போடுங்கள்.

வெங்காயத்தில் நசுக்கிய பூண்டு நான்கு பல், சீரகம், மிளகுத்தூள், பழுத்த தக்காளி இரண்டு சேர்த்து எண்ணெய் பிரிய வதக்கி, வெந்த பருப்பையும் காளானையும் கொட்டுங்கள். சோயா சாஸ் ஒரு தேக்கரண்டி விட்டால் ஆழம் கூடும். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, அது தரும் சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். தக்காளி, காளான், சோயா சாஸ் மூன்றிலும் அது உண்டு, அதனால்தான் இந்த மூன்றையும் ஒரே சட்டியில் சேர்க்கிறோம். கடைசியாகக் கெட்டித் தேங்காய்ப்பால் அரை கப். இறக்கியதும் எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி. அதை மறந்தால் குழம்பு மந்தமாக இருக்கும்.

கூடவே கடிக்க ஏதாவது வேண்டும். எல்லாமே குழைவாக இருந்தால் நாலு வாய்க்குமேல் அலுத்துவிடும். ஒரு உருளைக்கிழங்கைத் தோலோடு வட்டமாக நறுக்கி மொறுமொறுவென்று பொரித்துத் தட்டோரம் வையுங்கள்.

கேள்வி: நான்கு பேருக்குச் சமைத்த கை. இப்போது இரண்டு பேர். அரிசியையும் தண்ணீரையும் சரிபாதியாக்கினால் சோறு விறைத்துப்போகிறது. ஏன்?

பதில்: அரிசி உறிஞ்சுகிற தண்ணீர் வேறு, ஆவியாகப் போகிற தண்ணீர் வேறு. அரிசியைப் பாதியாக்கினால் உறிஞ்சுவதும் பாதியாகும். ஆனால் பாத்திரமும் மூடியும் வேகிற நேரமும் அதேதான் என்றால், ஆவி ஏறக்குறைய முன்போலவே போகும். நீங்கள் இரண்டையுமே பாதியாக்குவதால் சோற்றுக்குத் தண்ணீர் போதவில்லை. பாதித் தண்ணீருக்குமேல் கால் கப் கூட வையுங்கள். அதைவிட நல்லது, அடிகனமான, வாய் குறுகிய சின்னப் பாத்திரத்துக்கு மாறுவது. மூடி இறுக்கமாக உட்கார வேண்டும். உப்பும் அப்படித்தான்: குறைந்த அளவுக் குழம்பு சீக்கிரம் சுண்டி உப்புக் கூடிவிடும். பாதி உப்பை முதலில் போட்டு, மீதியை இறக்கும்போது ருசி பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: தேங்காய்ப்பால் விட்டதும் திரிதிரியாகப் பிரிந்துவிடுகிறது. இரண்டு பேருக்கான குழம்பை வீணாக்கவும் மனமில்லை.

பதில்: வீணாக்கவே வேண்டாம், சாப்பிடலாம், பார்வைக்குத்தான் குறை. தேங்காய்ப்பாலில் நுண்ணிய எண்ணெய்த் துளிகள் தண்ணீரில் மிதக்கின்றன. அவற்றை ஒட்டவிடாமல் பிரித்துவைப்பது அதிலுள்ள புரதம். தளதளவென்று கொதித்தால் அந்தப் புரதம் உருக்குலைந்து எண்ணெய் ஒன்றுசேர்ந்துவிடும். தீயைக் குறைத்து, கொதி அடங்கியதும் பாலை விடுங்கள், ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்குங்கள். தேங்காய்ப்பால் வாசனை பிடிக்காதவர்கள் ஒரு கைப்பிடி முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து ஊற்றலாம். அது பிரியாது. ஆனால் அடி பிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: வீகன் என்பது இப்போது கிளம்பிய மோகம்தானே?

பதில்: இல்லை. இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கியது 1944 நவம்பரில்.

கேள்வி: தினமும் இப்படிச் சாப்பிட்டால் சத்துக் குறையாதா?

பதில்: பருப்பும் சோறும் சேர்ந்தால் புரதத்துக்குப் பெரிய கவலை இல்லை. வைட்டமின் பி12 மட்டும் வேறு விஷயம். அது செடிகொடிகளில் உருவாவதில்லை, நுண்ணுயிரிகள்தான் உண்டாக்குகின்றன. முழுக்க வீகனாக இருப்பவர்கள் பி12 செறிவூட்டிய உணவோ மாத்திரையோ கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். என்ன அளவு என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: நான் மாறவில்லை, கணவர் மட்டும் மாறியிருக்கிறார். இரண்டு சமையல் செய்து மாளவில்லை. அவருக்குத் தனி, எனக்குத் தனி என்று வைப்பதுதான் முறையா?

பதில்: ஒரே சமையல் செய்யுங்கள், அது வீகனாகவே இருக்கட்டும். அவருக்கென்று ஒதுக்கிவைத்த சின்னக் கிண்ணம் பத்தியச் சாப்பாடு மாதிரி தோன்றும். ஒரே சட்டியிலிருந்து இரண்டு பேரும் பரிமாறிக்கொள்வதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. உங்களுக்குத் தயிர் வேண்டுமானால் தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் கவனம்: பொட்டலத்தில் வாங்குகிற ரொட்டி, சூப்புத்தூள், மசாலாக் கலவை எதுவானாலும் பின்பக்கம் படியுங்கள். பால் திடப்பொருள், கேசின், வே பவுடர் என்று பாலிலிருந்து எடுத்தது ஏதாவது இருந்தால் அது அவருக்கு ஆகாது.