வாசகர் கேள்வி–பதில்: காட்டிலிருந்து வந்த விருந்தாளி

'ஹாரி அண்ட் த ஹெண்டர்சன்ஸ்' படத்தைப் பிள்ளைகளோடு பார்த்தோம். காரில் அடிபட்ட ராட்சத உருவத்தை ஒரு குடும்பம் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதனோடு சிநேகமாகிவிடும் கதை. அந்த ஹாரி ஆளா, பொம்மையா?
– வாசகி, பாளையங்கோட்டை

உடம்பு ஆள், முகம் இயந்திரம், கண் மறுபடியும் ஆள். 1987-ல் வந்த அந்தப் படத்தில் உடையை மாட்டிக்கொண்டு நடித்தவர் ஏழடிக்கு மேல் உயரமான கெவின் பீட்டர் ஹால். அதே ஆண்டு வெளியான 'பிரிடேட்டர்' படத்தின் வேற்றுக்கிரக வேட்டைக்காரரும் அவர்தான். முகத்தை உருவாக்கிய ரிக் பேக்கருக்கு அந்த ஒப்பனைக்காகவே ஆஸ்கர் கிடைத்தது. உதடு, புருவம் எல்லாவற்றையும் கேமராவுக்கு வெளியே நின்றவர்கள் ரிமோட்டால் அசைத்தார்கள். பார்வை மட்டும் ஹாலுடையது. ஹாரி வருத்தப்படும்போது பிள்ளைகளும் கலங்குவது அந்தக் கண்ணால்தான்.

பள்ளி ஆண்டு விழாவில் இதுபோல் ஒரு வன உருவம் வேண்டும். போன வருடம் காகிதக்கூழ் முகமூடி செய்தோம். நடித்த பையனுக்குத் தலை சுற்றிவிட்டது, முகமூடியும் சரிந்தது. எப்படிச் செய்வது?
– ஆசிரியை, அம்பாசமுத்திரம்

மூடிய முகமூடிக்குள் விட்ட மூச்சே திரும்ப வரும், வெக்கை சேரும், வியர்வையில் கூழ் ஊறிக் கனக்கும். பையன் மேல் தப்பில்லை. இந்தத் தடவை முகத்தை மூடவே மூடாதீர்கள்.

ஐந்தடிப் பையனுக்குச் சணல் இரண்டு கிலோ போதும். பனந்தும்பு நம் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று அதை எடுக்க வேண்டாம். விறைப்பாக நிற்கும், கழுத்தில் குத்தும், தூரத்தில் பார்த்தால் துடைப்பம் போலிருக்கும். சணல் கயிற்றை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி, முறுக்கைப் பிரித்து, வாசலில் வைத்து நன்றாக உதறுங்கள். அந்தத் தூசு இளைப்பு உள்ள பிள்ளைக்கு ஆகாது. நூறு கிராம் தேயிலைத் தூளை ஐந்து லிட்டர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஓர் இரவு ஊறவைத்தால் மண் நிறம் பிடிக்கும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் பூஞ்சை வாடை வரும், எனவே இரண்டு நாள் காயட்டும்.

அடித்துணிக்குப் பழைய மீன்வலை மிக நல்லது. உவரி, இடிந்தகரைப் பக்கம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொசுவலை கனம் தாங்காமல் கிழியும். தொளதொளப்பான பருத்திச் சட்டை, கால்சட்டை மேல் வலையைத் தைத்துவிடுங்கள். சணல் இழையை நடுவில் மடித்து வலைக்கண்ணில் நுழைத்து, இரண்டு நுனியையும் அந்த வளையத்துக்குள் விட்டு இழுத்தால் முடிச்சு நிற்கும். கணுக்காலில் தொடங்கி மேலே ஏறுங்கள், வரிசைக்கு வரிசை இரண்டு அங்குலம். மேலிருந்து தொடங்கினால் தொங்கும் முடி கைக்குக் குறுக்கே வந்து வேலை ஓடாது.

தலைக்குக் கட்டட வேலைக்குப் போடும் பிளாஸ்டிக் ஹெல்மெட். உள்ளே பட்டி இருப்பதால் சரியாது, காற்றும் ஓடும். அதன்மேல் அரை அங்குல ஸ்பாஞ்சை ஒட்டி, உச்சியைக் கூம்பாக உயர்த்தி, புருவத்துக்கு ஒரு தடித்த மேடு வையுங்கள். வெள்ளைப் பசை ஸ்பாஞ்சுக்குள் காயாது. ஸ்பாஞ்சுக்கென்றே விற்கும் பசையை இரண்டு பக்கமும் தடவி, பத்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். வாடை போக ஓர் இரவு வெளியே கிடக்கட்டும். கண், மூக்கு, வாய் திறந்தே இருக்க, சுற்றிக் கறுப்பு முகச்சாயம் பூசினால் போதும். பையனின் கண்தான் நடிக்கப் போகிறது.

மொத்தம் மூன்று கிலோவைத் தாண்டக் கூடாது. மேடையில் பத்து நிமிடம், இறங்கியதும் தலையைக் கழற்றித் தண்ணீர் கொடுங்கள். சணல் சட்டென்று தீப்பிடிக்கும். குத்துவிளக்கு, ஆரத்தி இருக்கும் பக்கம் இந்த உடை போகவே கூடாது. இதில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிஜமாகவே அப்படி ஒன்று உண்டா?
– வாசகர், வள்ளியூர்

எலும்போ உடலோ இதுவரை கிடைக்கவில்லை. ஹாரி போன்ற காட்டு உருவத்துக்கு அமெரிக்காவில் வழங்கும் 'பிக்ஃபுட்' என்ற பெயர் 1958-ல் கலிஃபோர்னியாப் பத்திரிகை ஒன்றால் பரவியது; அது நடந்துபோவதாகக் காட்டி 1967-ல் அங்கே எடுத்த சிறு படச்சுருள் பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை. இமயத்துப் பனிமனிதன் என்று சொல்லப்படும் 'எட்டி'யுடையவை என்று வைத்திருந்த ஒன்பது மாதிரிகளை 2017-ல் மரபணுச் சோதனை செய்தார்கள். எட்டு கரடி, ஒன்று நாய்.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையனார் கோவிலுக்குப் போவோம். படம் பார்த்ததிலிருந்து, காரையாறு குரங்குகளோடு சிநேகம் பிடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் நிற்கிறார்கள். முறுக்கு கொடுக்கலாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

கூடாதும்மா. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். கையில் தின்பண்டம் கண்டு பழகிய நாட்டுக்குரங்கு, அடுத்த தடவை கேட்காது, பிடுங்கும். அது பல்லைக் காட்டினால் பிள்ளைகள் சிரிக்கிறது என்று நினைத்துப் பதிலுக்குச் சிரிப்பார்கள். கண்ணைப் பார்த்துப் பல்லைக் காட்டுவது அதற்குச் சண்டைக்கு அழைப்பு. தின்பண்டத்தைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டவேண்டாம்.

தனியாகக் கிடக்கும் குட்டியையும் தூக்கவேண்டாம், தாய் பக்கத்திலேயே இருக்கும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகள் கேட்டால் படத்தின் கடைசிப் பகுதியை மறுபடி போட்டுக் காட்டுங்கள். ஹாரி போக மனமில்லாமல் நிற்கும்போது அந்த அப்பா அழுதுகொண்டே அவனைக் காட்டுக்கு விரட்டுகிறாரே, அந்த இடம்.