உரம் போட்ட மறுநாளே மல்லிச்செடி வாடுவது ஏன்?

திருமங்கலம் பக்கம் மல்லி வைத்திருப்பவர் கேட்டது: மண்ணில் ஈரம் இருந்தும், கை நிறைய யூரியா போட்டதும் செடி தொங்கிவிட்டது, ஏன்?

வேர் செல்லின் சவ்வு தண்ணீரை எளிதில் விடும், உப்பை அப்படி விடாது. உப்பு போன்ற கரைபொருள் (தண்ணீரில் கரைந்திருப்பது) குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் நகரும். இதுதான் சவ்வூடு பரவல். வழக்கமாக வேருக்குள்தான் கரைபொருள் அதிகம், அதனால் தண்ணீர் உள்ளே வரும். யூரியா போன்ற உரம் மண் ஈரத்தில் கரைந்து குவிந்தால் வெளியே கரைபொருள் கூடி, நிலைமை தலைகீழ். வேரே தண்ணீரை இழக்கும்.

வீட்டிலேயே பாருங்கள். உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு துண்டை வெறும் தண்ணீரிலும், இன்னொன்றை ஒரு டம்ளருக்கு 2 ஸ்பூன் உப்பு கரைத்த தண்ணீரிலும் போடுங்கள். ஒரு மணி நேரத்தில் முதல் துண்டு விறைப்பாக இருக்கும். உப்புத் துண்டு வளைத்தால் ஒடியாமல் துவளும்.

செடி சத்தை எடுப்பது வேறு கதை. பொட்டாசியம், நைட்ரேட் போன்றவற்றைச் சவ்விலுள்ள புரதங்கள் ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) ஆற்றலைச் செலவழித்து உள்ளே இழுக்கின்றன. அதற்கு வேர் சுவாசிக்க வேண்டும். தண்ணீர் தேங்கிய குழியில் அது நடக்காது.

இப்போது செய்ய வேண்டியது: தெரியும் உரத்தை அள்ளிவிட்டு, வடிகால் இருந்தால் நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, கரைந்த உரத்தைக் கீழே இறக்குங்கள். இனி உரத்தைப் பிரித்து, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, மண் மூடி, உடனே பாய்ச்சுங்கள்.