சபை கலையும்போது ஓதினால் புறம் பேசிய கணக்கு தீர்ந்துவிடுமா?

கேள்வி: நண்பர்கள் கூடிப் பேசி முடித்ததும் சபையின் குற்றங்களுக்குப் பரிகாரமான துஆவை (பிரார்த்தனையை) ஓதிவிட்டுத்தான் எழுகிறோம். "இதை ஓதிவிட்டால் போதும், பேசப்பட்டவரிடம் போய் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை" என்கிறார் ஒருவர். சரியா? ஓத மறந்து எழுந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: சரியில்லை. அந்த நண்பர் துஆவை நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார், ஹதீஸை (நபிமொழியை)ப் பாதிதான் படித்திருக்கிறார்.

முதலில் துஆ: "சுப்ஹானகல்லாஹும்ம வபிஹம்திக்க, அஷ்ஹது அல்லா இலாஹ இல்லா அன்த்த, அஸ்தஃக்ஃபிருக்க வஅதூபு இலைக்க." இறைவா, உன்னைப் புகழ்ந்து துதிக்கிறேன், உன்னைத் தவிர வணக்கத்திற்குரியவன் யாருமில்லை எனச் சாட்சி கூறுகிறேன், உன்னிடம் மன்னிப்புக் கோரி உன் பக்கமே மீள்கிறேன் என்பது பொருள். வீண் பேச்சு மிகுந்த சபையில் அமர்ந்தவர் எழுவதற்கு முன் இதைச் சொன்னால் அந்தச் சபையில் நிகழ்ந்தது மன்னிக்கப்படும் என்று நபி (ஸல்) கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார் (திர்மிதீ ஹதீஸ் தொகுப்பு, எண் 3433). அமர்ந்தவர், சொன்னவர் இருவரும் ஒருவரே என்பதைக் கவனியுங்கள். ஒருவர் ஓத, மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பது இதில் சேராது. அவரவர் நாவால் அவரவர் ஓத வேண்டும். நல்லதையே பேசிய சபையிலும் ஓதலாம். அப்போது அது அந்த நன்மைக்கு முத்திரையாகும் என்று ஆயிஷா (ரலி) வழியாக வந்திருக்கிறது.

இனி புறம். சகோதரர் வெறுப்பதை அவர் இல்லாத இடத்தில் சொல்வது புறம். சொன்னது அவரிடம் இல்லாவிட்டால் அவதூறு (முஸ்லிம் 2589). எழுத்திலும் சைகையிலும் செய்தாலும் புறம்தான் என்று இமாம் நவவீ விளக்குகிறார். ஆகவே வாட்ஸ்அப் குழுவில் தட்டியதும் அனுப்பிய குரல் பதிவும் கணக்கில் வரும். தவ்பாவுக்கு (பாவத்திலிருந்து மீள்வதற்கு) நவவீ சொல்லும் நிபந்தனைகள்: பாவத்தை விடுவது, வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது. மனிதரின் உரிமை கலந்திருந்தால் நான்காவதாக அந்த உரிமையிலிருந்தும் விடுபட வேண்டும். நீங்கள் கேட்கும் துஆ இந்த நான்காவதைச் செய்துதராது. பிறர் மானத்தில் கை வைத்தவர், தீனாரும் திர்ஹமும் (பொற்காசும் வெள்ளிக்காசும்) பயன்படாத மறுமை நாள் வருமுன் இன்றே தீர்த்துக்கொள்ளட்டும். அன்று அவரது நன்மைகள் எடுத்துக் கொடுக்கப்படும், நன்மை இல்லையேல் எதிராளியின் பாவம் அவர்மேல் சுமத்தப்படும் என்பது புகாரியில் உள்ள எச்சரிக்கை (2449).

எப்படித் தீர்ப்பது? பேசியது அவர் காதுக்கு எட்டியிருந்தால் நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள். எட்டவில்லை என்றால் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அப்போதும் கேட்டே ஆக வேண்டும் என்போர் உண்டு. அவருக்காகப் பாவமன்னிப்புக் கோரி, இகழ்ந்த இடத்திலேயே அவரைப் பற்றி நல்லது பேசினால் போதும் என்பது அறிஞர் இப்னு தைமிய்யாவின் கருத்து. நமக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. அறியாதவரிடம் போய் "உங்களைப் பற்றி இன்னின்ன சொன்னேன்" என்று வரிசையாக ஒப்பிப்பவர், மன்னிப்புக் கேட்கப் போய்ப் புதுப் பகையை வாங்கிக்கொண்டு திரும்புவார். ஆனால் இந்தச் சலுகை அவதூறுக்குப் போதாது. பொய்யை யாரிடமெல்லாம் சொன்னீர்களோ அவர்களிடமே "நான் சொன்னது பொய்" என்று சொல்லியாக வேண்டும். குழுவில் போட்டிருந்தால் மறுப்பையும் அதே குழுவில்தான் போட வேண்டும். பதிவைச் சத்தமில்லாமல் அழிப்பது மறுப்பு ஆகாது. பேசப்பட்டவர் இறந்துவிட்டால் அவருக்காக துஆவும் பாவமன்னிப்புத் தேடலும் அதிகமாகட்டும்.

"புறம் பேசியதற்குப் பரிகாரம் அவருக்காக மன்னிப்புக் கோருவதே" என்று ஒரு செய்தி நபிமொழியாகவே பரப்பப்படுகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது. கருத்தை அறிஞர் கூற்றாகச் சொல்லுங்கள். நபி (ஸல்) பெயரில் சொல்லாதீர்கள். நாவின் பாவத்துக்கு மன்னிப்புத் தேடும்போதே இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

ஓத மறந்து எழுந்தவருக்கு: ஹதீஸில் குறிப்பிட்ட நேரம் எழுவதற்கு முன்புதான். நினைவு வந்ததும் பொதுவான இஸ்திஃக்ஃபார் (பாவமன்னிப்புத் தேடல்) செய்யலாம், அதற்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. "ரப்பிஃக்ஃபிர் லீ வதுப் அலைய்ய, இன்னக்க அன்தத் தவ்வாபுர் ரஹீம்" (இறைவா, என்னை மன்னித்து என் மீட்சியை ஏற்பாயாக, நீயே மீட்சியை ஏற்பவன், அன்புடையவன்) என்று நபி (ஸல்) ஒரே அமர்வில் 100 முறை சொன்னதைத் தாங்கள் எண்ணியிருப்பதாக இப்னு உமர் (ரலி) கூறுகிறார் (அபூதாவூத் 1516). அதையே ஓதுங்கள்.